உப்புக்காற்றும் சக்கிமுக்கித் துவக்கும்

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, புத்தளம் நகருக்கு அண்மையில், தில்லையடி என்னும் ஊர் உள்ளது. தில்லை என்பது உவர்நீர் ஏறி இறங்கும் கரைகளிலே கண்டல் மரங்களோடு சேர்ந்து வளரும் ஒரு மரம். அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வைக்குக் கேடு விளையும். ஆகையால் அதனை வெட்டுவோர் முகத்தை விலக்கிக்கொள்வர். அம்மரத்தின் பெயரைத் தாங்கிய இவ்வூர்ப் பக்கத்திலே புத்தளம் களப்பு பரந்து கிடக்கிறது. களப்புக்கு மேற்கே கற்பிட்டித் தீவக்குறை. அதற்கும் அப்பால் பெருங்கடல். இப்பகுதி உப்பளங்களுக்குப் பேர்பெற்றது. உப்புத்தளம் என்பதே புத்தளம் என மருவிற்று என்று கூறுவாரும் உளர்.

உப்பு விளைவிப்போருக்கு வானமே நாட்காட்டி. வெயிலும் காற்றும் ஒத்துழைத்தாற் பாத்தியிலே உப்புப் பூக்கும். ஒரு நாள் மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில், காலந்தவறிய மழையால் விளைச்சல் குன்றியபோது, நாற்புறமும் கடல் சூழ்ந்த இலங்கை அயல்நாட்டிலிருந்து உப்பை வரவழைக்க நேர்ந்தது. இவர்களைப் போலவே அன்றாடம் வானத்தைக் கவலையோடு நோக்கிய வேறொரு சாராரும் முற்காலத்தில் இருந்தனர். அவர்கள் துவக்கு ஏந்தியோர். அவர்கள் ஈரத்தினின்றும் காக்கவேண்டியிருந்ததும் ஒருவகை உப்பே. அது கறியுப்பன்று, வெடியுப்பு. சக்கிமுக்கிக் கல்லால் நெருப்பூட்டப்பெறும் பழைய துவக்கைக் கொண்டு இலக்குத் தவறாமற் சுடுவதற்குக் கண்ணும் கையும் மாத்திரம் போதா. மாறும் சுவாத்தியத்தை அறிந்து அதற்கேற்ப ஒழுகும் அறிவே அதில் முதலிடம் பெறுகிறது. அஃது எவ்வாறு என்பதை ஆராய்வதற்குப் புத்தளக் கரை பொருத்தமான இடமாகும்.

இக்கரைக்கும் துவக்குக்கும் உள்ள தொடர்பு பழையது. கண்டி இராச்சியத்துக்குக் கடலோடு இருந்த வாயில்களுள் புத்தளமும் ஒன்று. மலைநாட்டுக்கு வேண்டிய உப்பு இவ்வழியே சென்றது. களப்பின் வாயிலைத் தம் கைக்குள் வைத்திருக்க விரும்பிய ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிலே கற்பிட்டியில் ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கி, 1676இல் முடித்தனர். மன்னரும் ஒல்லாந்தரும் ஒரு நூற்றாண்டுக் காலம் ஒருவரை ஒருவர் அளந்து பார்த்தவண்ணம் இருந்தனர். இறுதியில், கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் ஆண்ட காலத்தில் மூண்ட போரின் பின், 1766ஆம் ஆண்டு பெப்ருவரி 14ஆம் நாள் எழுதப்பட்ட உடன்படிக்கையினால் இத்தீவின் கரைகள் யாவும் ஒல்லாந்தர் வசமாயின. கரையை இழந்த மன்னர், தம் குடிகள் உப்பெடுக்கும் உரிமையையேனும் வேண்டிப் பெற்றார். உப்பில்லாத மலைநாட்டின் நிலைமை அத்தகையது.

துவக்கு இந்நாட்டுக்கு வந்தது போர்த்துக்கேயருடன் என்பர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கொணர்ந்தது திரித்துவக்கு. எப்பொழுதும் புகைந்துகொண்டிருக்கும் ஒரு திரியின் நுனியை மருந்திற் படச்செய்து அதனைச் சுடுவர். சிறு தூறல் விழுந்தாலும் திரி அணையும்; இரவில் அதன் கனல் சுடுவோனைக் காட்டிக்கொடுக்கும். இக்குறையை நீக்க எழுந்ததே சக்கிமுக்கித் துவக்கு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரான்சு நாட்டில் அது செம்மையான உருவம் பெற்றது. இலங்கைக் கம்மியர் இக்கலையை விரைவிற் கற்றுக்கொண்டனர். அவர்கள் செய்த துவக்குக் குழல்களின் சிறப்பை அக்காலத்து ஐரோப்பியர் வியந்து எழுதியிருக்கின்றனர். சிங்களத் துவக்குகளின் அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டு, யானைத் தந்தமும் வெள்ளியும் இழைத்ததாக இருக்கும். ஐரோப்பியத் துவக்குகளிலே நெருப்பூட்டும் பொறி வலப்பக்கத்தில் இருக்க, இவற்றிற் பெரும்பாலும் இடப்பக்கத்தில் அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

இனி அப்பொறி வேலை செய்யும் முறையைக் காண்போம். குழலின் வாய்வழியாக அளந்த மருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, ஒரு கோலால் அடிவரை தள்ளி இறுக்குவர். குழலின் அடிப்பாகத்திலே பக்கவாட்டில் ஒரு சிறு துளை உண்டு. அத்துளைக்கு வெளியே ஒரு சிறு கிண்ணம். அதில் நுண்ணிய மருந்து ஒரு சிட்டிகை. துவக்கின் மேற்புறத்தில் வளைந்து நிற்கும் உறுப்பைக் குதிரை என்பர். அதன் வாயிலே சக்கிமுக்கிக் கல் கவ்வப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் குதிரை பாய்ந்து, எதிரே நிற்கும் உருக்குத் தகட்டைக் கல்லால் உரசும். அப்பொழுது பறக்கும் பொறிகள் கல்லின் பொறிகளல்ல. கூரிய கல்விளிம்பு உருக்கிலிருந்து சுரண்டியெடுத்த நுண்துகள்களே காற்றில் எரிந்து பொறிகளாகின்றன. அவை கிண்ணத்து மருந்தில் விழும், அதன் சுவாலை துளைவழியே உட்புகும், குழலினுள் இருக்கும் மருந்து வெடிக்கும், குண்டு புறப்படும்.

இவ்வளவும் நிகழ எடுக்கும் காலம், நன்கு பேணப்பட்ட துவக்கிலே, ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரையாகும். சொல்லும்போது இது மிகச் சிறிது. ஆயினும் கண்ணெதிரே சுவாலை எழுந்த பின்பும் அக்கணநேரம் துவக்கை அசையாது பிடித்திருத்தல் வேண்டும். மனிதனின் இயல்போ சுவாலையைக் கண்டதும் முகத்தைத் திருப்புவது. ஆகவே சக்கிமுக்கித் துவக்கைப் பழகுவோன் முதலிற் பழகுவது கண்சிமிட்டாமையே. ஈரம் மிகுந்த நாளிலே அக்கணம் நீளும். மருந்து சீறிச் சீறிப் பற்றும். சிலவேளை கிண்ணத்து மருந்து மாத்திரம் எரிந்து உள்மருந்து அமைதியாய்க் கிடக்கும். இலக்குத் தவறுவதற்கு மாத்திரமன்றி, ஆபத்துக்கும் அதுவே காரணம். சுடவில்லை என்று எண்ணித் துவக்கைத் திருப்பியவன் கையிலே அது பிந்தி வெடிப்பதுண்டு. ஆதலால் சுடாத துவக்கை இலக்கின் பக்கமே நெடுநேரம் நீட்டியவாறு பொறுத்திருத்தல் வேண்டும் என்பது மாறாத விதி.

ஈரம் மருந்தை எவ்வாறு கெடுக்கிறது? கருமருந்து எனப்படும் பழைய வெடிமருந்திலே வெடியுப்பு 75 பங்கும், கரி 15 பங்கும், கந்தகம் 10 பங்கும் சேர்ந்திருப்பது வழக்கம். வெடியுப்பை விஞ்ஞானிகள் பொற்றாசியம் நைத்திரேற்று என்பர். உப்புக்கள் எல்லாம் காற்றிலுள்ள நீராவியை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. காற்றுத் தாங்கக்கூடிய நீராவியில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதில் இருக்கிறது என்பதைச் சாரீரப்பதன் என்னும் அளவு காட்டும். தூய வெடியுப்பு, இவ்வளவு நூற்றுக்கு 90க்கு மேற் சென்றாலன்றி நீரை இழுத்துக் கசியாது. கறியுப்போ 75ஐக் கடந்ததும் கசியத் தொடங்கும். கல்சியம் நைத்திரேற்று என்னும் உப்பு 50 அளவிலேயே நீராகிவிடும். எனவே வெடியுப்பு எவ்வளவு தூயதோ அவ்வளவுக்கு மருந்து ஈரத்தை எதிர்த்து நிற்கும். அதில் கடலுப்புக் கலந்தாலோ, வேறு நைத்திரேற்றுக்கள் எஞ்சியிருந்தாலோ, மழை பெய்யாத நாளிலும் மருந்து நமுத்துப்போகும். கரியும் தன் பங்குக்கு ஈரத்தை உறிஞ்சும்.

இவ்வுண்மையை ஆய்வுகூடம் காணாத பண்டை மக்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1816 முதல் 1820 வரை இலங்கையிற் பணிபுரிந்த மருத்துவரான ஜோன் டேவி, புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் தம்பியாவார். 1821இல் வெளியான தம் நூலிலே, மலைநாட்டுக் குகைகளில் வெடியுப்பு எடுக்கப்பட்ட முறையை அவர் விவரித்துள்ளார். வௌவால்கள் வாழும் குகைகளின் மண்ணைத் தோண்டி, அதனோடு விறகுச் சாம்பலைக் கலந்து, நீரூற்றி வடித்து, அந்நீரைக் காய்ச்சி வெடியுப்பைப் பெற்றனர். சாம்பலைச் சேர்த்தது ஏன்? சாம்பலிலுள்ள பொற்றாசியம், மண்ணிலுள்ள கல்சியம் நைத்திரேற்றை வெடியுப்பாக மாற்றிவிடுகிறது. நீரை இழுக்கும் உப்பு நீங்கி, நீரை எதிர்க்கும் உப்பு கிடைக்கிறது. இரசாயனப் பெயர்கள் அறியாத அக்குகைத் தொழிலாளரின் கைப்பிடிச் சாம்பலிலே துவக்கின் நம்பகம் அடங்கியிருந்தது.

இப்பொழுது, முற்காலத்துத் துவக்கு வீரன் ஒருவன் தில்லையடிப் பக்கத்து வெளியொன்றிலே இலக்கு நிறுத்திச் சுடப் பழகுகிறான் எனக் கற்பனை செய்து பார்க்கலாம். நாள் ஆடி மாதத்து நாள் ஒன்று எனக் கொள்வோம்.

விடியற்காலை. காற்று அடங்கியிருக்கிறது. களப்பின் மேல் ஈரம் படிந்த குளிர்ச்சி. இலக்கு அசையாது தெளிவாகத் தெரிகிறது. சுடுவதற்கு இதைவிட நல்ல வேளை இல்லை என்றே புதியவன் எண்ணுவான். ஆனால் இத்தகைய கரையில் இவ்வேளையிலேதான் சாரீரப்பதன் உச்சத்தில் நிற்கும், 85ஐத் தாண்டுவதுமுண்டு. இரவு முழுவதும் வெளியிற் கிடந்த இரும்பு குளிர்ந்திருப்பதால் அதன்மேல் பனிநீர் அரும்பும். உருக்குத் தகட்டில் நுண்ணிய நீர்த்திரை இருந்தாற் பொறி குன்றும். கடற்காற்றுக் கொணர்ந்த உப்புத் துகள் அதிற் படிந்திருந்தால் ஈரம் இரட்டிக்கும். தேர்ந்தவன் என் செய்வான்? கல்லையும் தகட்டையும் கிண்ணத்தையும் உலர்ந்த துணியால் துடைப்பான். கிண்ணத்து மருந்தைச் சுடும் தறுவாயிலன்றி முன்னதாக இடமாட்டான். இட்டபின் சுடத் தாமதித்தால் அதனைக் கொட்டிவிட்டுப் புதிது இடுவான்.

முற்பகல் ஏறுகிறது. வெயிலால் மருந்து காக்கப்படுகிறது; கண்ணோ துன்புறத் தொடங்குகிறது. உப்பளப் பாத்திகளின் வெண்மை கண்ணைக் கூசச் செய்கிறது. சூடேறிய நிலத்திலிருந்து எழும் கானல், இலக்கை நீரில் மிதப்பதுபோல் அசைத்துக் காட்டுகிறது. இன்னுமோர் ஏமாற்றம் உண்டு. குழலின் நுனியிலுள்ள குறிமுனையின் ஒரு பக்கத்தில் வெயில் விழுந்தால் அப்பக்கம் பளிச்சிடும். பளிச்சிடும் பகுதியையே முனையின் நடுவென்று கண் கொள்ளும். வெயில் வலப்பக்கமிருந்து விழுந்தாற் குண்டு இடப்பக்கம் சாரும்; இடமிருந்து விழுந்தால் வலம் சாரும். ஒரு முகில் கதிரவனை மறைத்ததும் அப்பிழை நீங்கிவிடும். அதுவரை பழகிய கணக்கைக் கொண்டே சுட்டவன், முகில் வந்தபின் எதிர்ப்பக்கம் தவறுவான். விளக்கின் புகையிலே குறிமுனையைக் காட்டிக் கறுப்பாக்கிக்கொள்வது இதனாலேயே.

நண்பகலுக்குப் பின் காற்று வலுக்கிறது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் இக்கரையில் எவ்வளவு வலிமை வாய்ந்தது என்பதற்கு, இக்காலத்தில் கற்பிட்டித் தீவக்குறையில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளே சான்று. உருண்டைக் குண்டு காற்றை எதிர்ப்பதில் வலுக்குறைந்தது. கூர்நுனி வாய்ந்த தற்காலத்துச் சன்னத்தைவிட விரைவில் வேகம் இழக்கும். அரை அங்குலப் பருமனுள்ள குண்டு 100 மீற்றர் தூரம் செல்வதற்குள், மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதனை ஏறத்தாழ ஒரு சாண் தூரம் தள்ளிவிடும். காற்று இரட்டித்தாற் பிழையும் இரட்டிக்கும். வடக்கு நோக்கிச் சுடுவோனுக்குக் கச்சான் இடப்பின்புறமிருந்து வரும். குண்டு வலப்பக்கம் ஒதுங்கும். அவன் கையிலிருப்பது இடப்பக்கத்திற் பொறியுடைய துவக்காயின், அதே காற்றுக் கிண்ணத்தின் மேலும் வீசி, மருந்துத் துகளை வாரிச்செல்லவும் பொறிகளைச் சிதறவும் கூடும். ஆகவே அவன் காற்றின் வேகத்தை மாத்திரமன்றி, அது தணியும் இடைவேளையையும் அறிந்திருத்தல் வேண்டும். தென்னோலை சாய்வதையும், களப்பு நீரில் நெளிவு ஓடுவதையும், முன்னைய வெடியின் புகை செல்லும் திசையையும் பார்த்து, காற்று ஒருசீராக நிற்கும் கணத்தில் அவன் விசையை இழுப்பான்.

பல முறை சுட்டபின் வேறொரு தொல்லை எழுகிறது. கருமருந்து எரியும்பொழுது அதன் நிறையில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு வாயுவாகாமல் திண்மமாகவே எஞ்சுகிறது. அதிற் பெரும்பகுதி புகையாக வெளியேற, மிஞ்சியது கரிய மாசாகக் குழலிற் படிகிறது. அம்மாசில் மிகுந்துள்ள பொற்றாசியம் காபனேற்று நீரை வெகு எளிதில் இழுக்கும். சாரீரப்பதன் 45 அளவிலேயே கசியும். கடற்கரைக் காற்று அவ்வளவுக்குக் கீழ் இறங்குவது அரிது. ஆகவே ஈரவேளையில் மாசு சேறாகி, துளையை அடைத்து, அடுத்து இடும் மருந்தை நனைக்கும். கடும் வெயிலிலே சூடேறிய குழலில் அதே மாசு காய்ந்து கல்லாகி, குண்டை அடிவரை தள்ளவொட்டாமற் தடுக்கும். உட்புறம் திருகுபோலச் சுற்றிய வரிகள் வெட்டப்பெற்ற சுரிகுழலாயின் தொல்லை இன்னும் பெரிது. வரிகள் அடைபட்டால் குண்டைச் சுழலச்செய்து நேர்படுத்தும் பயன் கெடும். கொழுப்பிலே தோய்த்த சிறு துணியிற் குண்டைப் பொதிந்து இடுவது வரிகளைப் பற்றுவதற்கும் மாசை இளக்குவதற்கும் ஆம். வெயில் நாளில் அக்கொழுப்பு மிகுதியாகவும், ஈர நாளிற் குறைவாகவும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் குழலைத் துடைத்துவிட்டு இடுபவனுக்கு முதற் குண்டும் பத்தாங் குண்டும் ஒரே இடத்திற் படும்.

இது வெயில் மாதத்துக் கதை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இக்கரைக்கு மழை வருகிறது. உலர்வலயத்தைச் சேர்ந்த புத்தளத்தில் ஆண்டு மழையின் பெரும் பங்கு அக்காலத்திலேயே பெய்கிறது. சித்திரையில் மீண்டும் ஒருமுறை பெய்யும். மழையிற் சக்கிமுக்கித் துவக்கைக் காப்பதற்கு மக்கள் பல உபாயங்களைக் கையாண்டனர். பொறியைத் தோலுறையால் மூடினர். கிண்ணத்தின் விளிம்பிலே தேன்மெழுகையும் கொழுப்பையும் பூசினர். பற்றுத்துளையை இறகின் தண்டால் அடைத்துவைத்தனர். இலங்கையில் இவற்றுக்கும் மேலானதோர் உதவி இயற்கையாகவே கிடைத்தது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் சிறைப்பட்டிருந்து 1679இல் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலிலே தாளிப்பனையின் ஓலையைப் பற்றி எழுதியுள்ளார். ஓர் ஓலையே பலரை மழையினின்றும் காக்கும் அகலமுடையது. மடித்தால் கைக்கு அடக்கமானது. போர்வீரர் ஒவ்வொருவரும் அதனைக் கொண்டு செல்வர். வழியில் வெயிலுக்கும் மழைக்கும் குடையாகவும், தங்குமிடத்தில் கூடாரமாகவும் கொள்வர். காட்டுநாட்டில் உலர்ந்த மருந்துடன் காத்திருக்கும் வீரனும், நனைந்த மருந்துடன் நடந்துவரும் வீரனும் எதிர்ப்படின் முடிவு யாதாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

போரின் போக்கையே மழை மாற்றிய நிகழ்ச்சிகள் வரலாற்றில் உள. 1757ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் வங்காளத்தில் பிளாசி என்னுமிடத்தில் நண்பகலில் ஒரு மழை பெய்தது. மழை இருசாராருக்கும் பொதுவாகவே பெய்தது. ஆங்கிலக் கும்பினியார் தம் மருந்தை மெழுகுச்சீலைகளால் மூடிவைத்தனர். நவாபின் படையினரது மருந்து நனைந்துபோயிற்று. எதிரியின் மருந்தும் நனைந்திருக்கும் என நம்பி முன்னேறிய மீர் மதன் என்னும் தளபதி பீரங்கிக் குண்டுக்கு இரையானார். அன்றைய தோல்விக்கு வஞ்சகம் முதலான வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஒரு சீலையின் பெறுமதியை அந்நாள் உலகுக்குக் காட்டிற்று.

தமிழ்நாட்டோடு தொடர்புடையதும் அதனினும் நெஞ்சைத் தொடுவதுமான நிகழ்ச்சி ஒன்று 1841இல் நடந்தது. அபின் யுத்தத்தின்பொருட்டுச் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் சீனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் சேர்ந்து பணிபுரிந்த சேனை அது. அவ்வாண்டு மே 30ஆம் நாள், கன்ரன் நகருக்கு வடக்கே சன்யுவான்லி என்னும் ஊர்ப்புறத்திலே, கிராம மக்கள் ஆயிரக்கணக்கில் ஈட்டியும் வாளும் ஏந்தி எழுந்தனர். கடும் இடிமழை பொழிந்தது. சென்னைச் சேனையின் 37ஆம் பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு கூட்டத்தார், ஏறத்தாழ அறுபதின்மர், மற்றைய படையினின்றும் பிரிந்து நெல்வயல்களின் நடுவே சூழப்பட்டனர். அவர்கள் கையிலிருந்தவை சக்கிமுக்கித் துவக்குகள். விசையை இழுத்தனர், கல் உரசிற்று, நனைந்த மருந்து பற்றவில்லை. நாற்புறமும் முகங்காட்டிச் சதுரமாக நின்று, துவக்கு நுனியிலிருந்த ஈட்டிகளைக் கொண்டே தம்மைக் காத்துக்கொண்டனர். ஒருவர் உயிரிழந்தார், வேறு பலர் காயமுற்றனர். மாலை மங்கி இருள் சூழ்ந்தபின் அவர்களைத் தேடிவந்த கடற்படைக் காலாட்கள் மீட்டனர். அவ்வாறு மீட்கச் சென்றோர் கையிலிருந்த துவக்குகள் மட்டும் அம்மழையிலும் சுட்டன.

அவை வேறுவகைத் துவக்குகள். ஸ்கொத்லாந்து நாட்டுக் குருவானவர் அலெக்சாந்தர் போர்சைத் என்பவர், பறவை வேட்டையிலே கிண்ணத்துச் சுவாலையைக் கண்டு பறவைகள் தப்பிவிடுவதால் மனம் சலித்து, அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் இரசாயனப் பொருளால் மருந்தைப் பற்றவைக்கும் முறையைக் கண்டு, 1807இல் அதற்கு உரிமைச்சாசனம் பெற்றார். பின்னர் அப்பொருள் சிறு செப்புத் தொப்பியில் அடைக்கப்பட்டது. கல்லும் கிண்ணமும் வேண்டாதனவாயின. 1834இல் இங்கிலாந்தின் வுலிச் நகரிலே இருவகைத் துவக்குகளும் தலைக்கு 6,000 முறை சுட்டுச் சோதிக்கப்பட்டன. சக்கிமுக்கித் துவக்குகள் 922 முறை பற்றத் தவறின. தொப்பித் துவக்குகள் 36 முறையே தவறின. முன்னது பதின்மூன்றில் இரண்டு; பின்னது நூற்றறுபதுக்கு மேற்பட்டவற்றில் ஒன்று. இவ்வுண்மை எழுத்தில் ஏறி ஏழாண்டுகள் கழிந்த பின்னரே சென்னைச் சிப்பாய்கள் கன்ரன் வயல்களில் நனைந்துநின்றனர். குறையை அறிந்தும் அதற்கான பரிகாரம் அவர்கள் கைக்கு எட்டியிருக்கவில்லை. வானத்தை நோக்கி வாழ்ந்தோர் எத்தனை திறமையுடையோராயினும், கையிலுள்ள கருவியின் எல்லையைத் தாண்ட இயலாது என்பதற்கு அவர்களே சாட்சி.

போர்க்களத்தினின்றும் நீங்கிய சக்கிமுக்கித் துவக்கு, விளையாட்டுக் களத்தில் இன்றும் வாழ்கிறது. முன்வாயில் மருந்திடும் பழைய துவக்குகளுக்கெனப் பன்னாட்டுப் போட்டிகள் நடைபெற்றுவருகின்றன. சக்கிமுக்கிச் சுரிகுழலைக் கொண்டு, படுத்தவாறு, 100 மீற்றர் தூரத்து இலக்கைச் சுடுவது அவற்றுள் ஒன்று. அரைமணி நேரத்துக்குள் 13 முறை சுட்டு, அவற்றுட் சிறந்த பத்தைக் கணக்கிற் கொள்வர். எஞ்சிய மூன்று குண்டுகளை ஈரத்துக்கும் காற்றுக்கும் கொடுத்த கழிவு எனலாம். இலக்கின் நடுவட்டமோ உள்ளங்கையினும் சிறியது. காற்று ஒரு சாண் தள்ளக்கூடிய குண்டை அதற்குட் செலுத்த வேண்டும். மருந்தை ஒவ்வொரு வெடிக்கும் தனித்தனியே அளந்து, மூடிய சிறு குப்பிகளிற் கொண்டுவருவர். கண்ணுக்குக் கண்ணாடி அணிவர். காற்றைக் காட்டும் துணிக்கொடிகளை நோக்கியபடியே பொறுத்திருப்பர். அரைமணி நேரத்திற் பெரும்பகுதி துடைப்பதிலும் காத்திருப்பதிலுமே செல்கிறது. சுடுவதற்குச் செலவாகும் நேரம் மிகச் சொற்பம். உயிர்வதைக்கு உதவிய கருவி, பொறுமையைக் கற்பிக்கும் ஆசானாக மாறியிருக்கிறது.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதற்கு உத்தரவுப் பத்திரம் வேண்டும் என்பதை 1916ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஆகவே இப்பழங்கலையைத் துவக்கின்றியே கற்க விரும்புவோருக்கு நூதனசாலைகளில் உள்ள பழைய துவக்குகள் நல்ல பாடமாகும். அவற்றின் தந்த வேலைப்பாட்டை மாத்திரம் பார்த்து மேற்செல்லாது, கிண்ணத்தையும் பற்றுத்துளையையும் சற்றே உற்றுநோக்குதல் வேண்டும். பற்றுத்துளையைச் சுற்றி இரும்பு அரிக்கப்பட்டிருக்குமாயின், அது வெடியுப்பின் மாசும் ஈரக்காற்றும் சேர்ந்து எழுதிய எழுத்து. அத்துவக்கை ஏந்தியவன் எத்தனை முறை அதைத் துடைத்தான், எத்தனை முறை துடைக்க மறந்தான் என்பதை அது சொல்லும்.

தில்லையடிப் பக்கத்து உப்பளங்களிலே உப்பு வாருவோர் காற்றின் திசையையும் முகிலின் நிறத்தையும் இன்றும் பார்க்கின்றனர். சாரீரப்பதன் 75க்குக் கீழ் இருந்தாற் பாத்தியில் உப்பு உலரும். மேலேறினாற் குவித்த உப்பும் கசியும். அக்காலத்துத் துவக்கு வீரன் அஞ்சியதும் அதே எல்லையைத்தான். இருவரும் அந்த எண்ணை அறிந்தவரல்லர். கைவிரல்களுக்கிடையே ஒரு சிட்டிகையை எடுத்து உருட்டிப் பார்த்து, அது உதிர்கிறதா, ஒட்டுகிறதா என்பதைக் கொண்டே இருவரும் தம் நாளைத் தீர்மானித்தனர்.